கண்ணின் பின்சுவர்

வல்லம் வடகாலில் இரவுக்கு நைட் ஷிஃப்ட் என்றுதான் பெயர். ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில் ஏரியும் வயலுமாக இருந்த ஊர் இது. இன்று சிப்காட் பூங்கா, ராயல் என்ஃபீல்டு ஆலை, விமான உதிரிபாகங்களுக்கென்று தனிப் பூங்கா, ஒரகடம் வரை நீளும் கன்டெய்னர் லாரி வரிசை. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும்படி 706.5 கோடி ரூபாயில் கட்டிய குடியிருப்பு இங்கேதான் திறக்கப்பட்டது. குடும்பத்தோடு வருகிறவர்கள் சுற்றுப்பட்டு ஊர்களில் லைன் வீடு பிடிக்கிறார்கள். ஒரு வரிசையில் எட்டு, பத்து அறைகள், ஒரே தண்ணீர்க் குழாய். அடுத்த அறையில் ஒடியா, அதற்கடுத்ததில் போஜ்புரி, கடைசியில் திருவண்ணாமலைப் பக்கத்துத் தமிழ்.

அந்த வரிசையில் ஓர் இரவைக் கற்பனை செய்துகொள்வோம். நான் சொல்லப்போவது நடந்த சம்பவம் அல்ல, நடக்கக்கூடிய ஒன்று. பத்து வாரக் குழந்தை. ஒடிசாவிலிருந்து வந்த தாய் தகப்பன். மாலையிலிருந்து அழுத குழந்தை திடீரென்று துவண்டுபோகிறது. 108 வருகிறது. கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் உச்சிக்குழியைத் தொட்டுப் பார்க்கிறார். மெத்தென்று தட்டையாக இருக்க வேண்டிய இடம் விம்மிப் புடைத்திருக்கிறது. சி.டி. ஸ்கேனில் மூளையின் உறைக்கு அடியில் இரத்தம். உடம்பில் வெளிக்காயம் இல்லை. கூட வந்த பக்கத்து அறைப் பெண்தான் மொழிபெயர்ப்பாளர்.

"என்னம்மா ஆச்சு, கேட்டுச் சொல்லுங்க."

"கட்டில்லேர்ந்து விழுந்துச்சாம் சார்." கொஞ்சம் கழித்து, "இல்ல சார், அழுதுச்சாம், ஆட்டுனாங்களாம், அப்புறம்தான் இப்படி ஆயிடுச்சாம்."

டாக்டர் ஏ.ஆர். புத்தகத்தைத் திறக்கிறார். விபத்துப் பதிவேட்டில் எழுதினால் போலீசுக்குத் தகவல் போகும், இது எம்.எல்.சி., அதாவது சட்டம் சார்ந்த மருத்துவ வழக்கு, ஆகிவிடும். எழுதாமல் விடவும் முடியாது. பிறகு அவர் சொல்லும் வாக்கியத்தைப் பற்றியதுதான் இந்த அத்தியாயம்: "கண் டாக்டரைக் கூப்பிடுங்க. ஃபண்டஸ் பார்க்கணும்."

தலையில் அடிபட்ட குழந்தைக்குக் கண்ணில் என்ன தேடுகிறார்கள்?

பிறந்த குழந்தையின் விழிக்கோளம் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம். சுண்டைக்காயை விடக் கொஞ்சம் பெரிது. ஃபண்டஸ் என்பது அதன் பின்சுவர். அங்கே ஒட்டியிருக்கும் விழித்திரையின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் கால் பங்கு அளவே. உடம்பைக் கீறாமல் இரத்தக் குழாய்களை நேருக்கு நேர் பார்க்கக் கிடைக்கும் இடம் அது. 1851-இல் ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் கண்ணோக்கியைச் செய்த நாளிலிருந்து மருத்துவம் அந்த ஜன்னலைப் பயன்படுத்தி வருகிறது.

கண் டாக்டர் வந்ததும் முதலில் தீவிர சிகிச்சைக் குழுவிடம் அனுமதி கேட்க வேண்டும். மூளை வீங்குகிறதா என்பதைக் கண்மணியின் அளவை வைத்துத்தான் அவர்கள் கண்காணிக்கிறார்கள். சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரித்துவிட்டால் சில மணி நேரத்துக்கு அந்த அடையாளம் போய்விடும். அதனால் குறைந்த நேரம் வேலை செய்யும் டிராபிகமைடு போன்ற மருந்தைப் போட்டு, போட்ட மணியைக் கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். அரை மணி காத்திருந்து, இமை மூடாதிருக்கச் சின்னக் கம்பிக் கவ்வி வைத்து, தலையில் மாட்டிய விளக்குடன் குனிந்து, கையில் 28 டயாப்டர் லென்ஸைப் பிடித்துப் பார்ப்பார்கள். பிம்பம் தலைகீழாகவும் இடவலம் மாறியும் தெரியும். நல்ல விழித்திரை ஆரஞ்சுச் சுளையின் நிறத்தில் இருக்கும். அதன் மேல் மரக்கிளை போலப் பிரியும் குழாய்கள், முழுநிலா மாதிரி வெளிறிய பார்வை நரம்பின் வட்டு.

அந்த ஆரஞ்சின் மேல் சிவப்பு சிந்தியிருந்தால் அதுதான் விழித்திரை இரத்தக்கசிவு. எங்கே சிந்தியது என்பதை அதன் வடிவமே சொல்லிவிடும். நரம்பிழைகள் ஓடும் மேலடுக்கில் கசிந்தால் இரத்தம் இழைகளின் ஊடே ஓடித் தீச்சுடர் மாதிரி நீளும். அதற்குக் கீழே, செல்கள் நெருக்கமாக நிற்கும் அடுக்குகளில் பரவ வழியில்லாமல் புள்ளியாகவும் திட்டாகவும் நிற்கும். விழித்திரைக்கு முன்னால் தேங்கினால் குழாய்களை மறைத்துவிடும். பின்னால் தேங்கினால் அதன் மேலே குழாய்கள் தெளிவாக ஓடும்.

ஆகவே 'கண்ணில் இரத்தம் இருக்கிறது' என்பது ஒரு கண்டுபிடிப்பே அல்ல. எத்தனை, எந்த அடுக்கில், நடுவில் மட்டுமா அல்லது விழித்திரை முடியும் ஓரம் வரையா, ஒரு கண்ணிலா இரண்டிலுமா: இந்த நான்கையும் சொன்னால்தான் அது கண்டுபிடிப்பு. பார்வை நரம்பைச் சுற்றி மூன்று சுடர்கள் இருப்பதும், எண்ண முடியாத அளவு கசிவுகள் எல்லா அடுக்கிலும் ஓரம் வரை சிதறிக் கிடப்பதும் தடயவியலில் ஒரே சொல்லால் அழைக்கக்கூடாத இரண்டு நிலைகள். நீதிமன்றங்களுக்குப் போன அறிக்கைகளில் நேர்ந்த பெரிய தவறுகளில் ஒன்று, இந்த இரண்டையும் 'விழித்திரை இரத்தக்கசிவு உண்டு' என்ற ஒற்றை வரியில் அடக்கியது.

ஏன் இரத்தம் கசிகிறது? கண்ணுக்குள் நிரம்பியிருக்கும் விட்ரியஸ் என்னும் கூழ் பெரியவர்களுக்கு வயதாக ஆக நீர்த்து, விழித்திரையிலிருந்து விலகிக்கொள்ளும். கைக்குழந்தைக்கு அது கெட்டியாக, கூர்மையான பார்வைக்கு உரிய நடுப்பகுதியான மாக்குலாவிலும் குழாய்களின் மேலும் விழித்திரையின் ஓரத்திலும் இறுக ஒட்டியிருக்கும். கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் கால் பங்கு. கழுத்துத் தசைக்கு வலுவில்லை. மார்பைப் பிடித்துப் பலமாக உலுக்கினால் தலை முன்னும் பின்னும் வெட்டி வெட்டித் திரும்பும். உள்ளே கூழ் ஒரு பக்கமும் சுவர் ஒரு பக்கமுமாக இழுபடும். ஒட்டியிருக்கும் இடங்களில் நுண்குழாய்கள் கிழியும். மிகக் கடுமையான நிலையில் மாக்குலாவில் விழித்திரையே அடுக்குப் பிரிந்து, இரத்தம் தேங்கிய பள்ளமாகி, சுற்றிலும் வெண்மையான மடிப்பு வட்டமாக எழும்பும். கசிவுகள் கூழ் ஒட்டியிருக்கும் இடங்களில்தான் அதிகம் என்பது இந்த விளக்கத்துக்குப் பலம். மூளைக்குள் அழுத்தம் ஏறுவது, மூச்சு நின்று ஆக்சிஜன் குறைவது ஆகியவற்றுக்கும் பங்கு உண்டு.

இந்தச் சிந்தனைக்கு வயது அதிகமில்லை. 1946-இல் அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் ஜான் கேஃபி, மூளையுறைக்கு அடியில் இரத்தக்கட்டும் கைகால் எலும்பு முறிவும் சேர்ந்திருந்த ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். 1962-இல் ஹென்றி கெம்ப் 'அடிபட்ட குழந்தை' என்ற நிலைக்குப் பெயர் வைத்தார். 1971-இல் பிரிட்டிஷ் நரம்பு அறுவை மருத்துவர் நார்மன் கத்கெல்ச், தலையில் அடிபட்ட சுவடே இல்லாத குழந்தைகளுக்கும் உலுக்கியதாலேயே இரத்தக்கட்டு வரலாம் என்று எழுதினார். பெற்றோரை எச்சரிப்பதே அவர் நோக்கம். ஆனால் அடுத்த இருபது ஆண்டுகளில் அது நீதிமன்றச் சூத்திரமாகிவிட்டது: மூளையுறைக்கு அடியில் இரத்தம், மூளை வீக்கம், விழித்திரைக் கசிவு. மூன்றும் இருந்தால் உலுக்கல். கடைசியாகக் குழந்தையை வைத்திருந்தவரே உலுக்கியவர். தன் கருதுகோள் அது தாங்கும் அளவுக்கு மேல் இழுக்கப்பட்டுவிட்டது என்று கத்கெல்ச் தொண்ணூறு வயதைக் கடந்த பிறகு வெளிப்படையாக வருந்தினார். 2009-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 'உலுக்கப்பட்ட குழந்தை' என்ற பெயரைக் கைவிட்டு, 'வன்முறைத் தலைக்காயம்' என்று பொருள்படும் பெயரைப் பரிந்துரைத்தது. எப்படி நடந்தது என்பதை நோயின் பெயரிலேயே எழுதிவிடக்கூடாது என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்தச் சூத்திரத்தை உலகமே உட்கார்ந்து பார்த்தது 1997-இல், பாஸ்டன் அருகில். மேத்யூ ஈப்பன், எட்டு மாதக் குழந்தை. தகப்பன் இந்திய வம்சாவளி மயக்கவியல் மருத்துவர். தாய் கண் மருத்துவர். பிப்ரவரி 4-ஆம் தேதி மருத்துவமனைக்கு வந்த குழந்தை ஐந்து நாளில் இறந்தது. மண்டையில் இரண்டரை அங்குல முறிவு, மூளையுறைக்கு அடியில் இரத்தம், விழித்திரையில் கசிவு. மணிக்கட்டில் ஒரு மாதப் பழைய முறிவும் இருந்தது. வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொண்ட இங்கிலாந்துப் பெண் லூயிஸ் உட்வர்டுக்கு வழக்கு நடந்தபோது வயது 19. பலமாக உலுக்கி மோதியதால் வந்த புதுக் காயம் என்றது அரசுத் தரப்பு. சில வாரங்களுக்கு முந்தைய காயம் மறுபடி கசிந்தது என்றது எதிர்த்தரப்பு. ஜூரி இரண்டாம் நிலைக் கொலை என்று தீர்ப்புச் சொன்னது. நவம்பர் 10-ஆம் தேதி நீதிபதி ஹில்லர் ஸோபெல் அதைக் கொலையல்லாத மரணம் விளைவித்தலாகக் குறைத்து, சிறையிலிருந்த 279 நாட்களே போதும் என்று விடுவித்தார். அரசுத் தரப்பில் சாட்சி சொன்ன குழந்தைக் கதிரியக்க மருத்துவர் பேட்ரிக் பார்ன்ஸ் பின்னாளில் தன் கருத்தை மாற்றிக்கொண்டு, அந்தச் சூத்திரத்தைக் கடுமையாக விமர்சிப்பவர்களில் ஒருவரானார்.

ஒரே விழித்திரை, ஒரே ஸ்கேன். கற்றறிந்த இரு அணிகள் அதில் இரு வேறு நாட்களைப் படித்தன. அந்தத் தாயே கண் மருத்துவர் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

பிரிட்டனில் 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்த மூன்று அடையாளங்கள் மட்டும் தாமாகவே குற்றத்தை நிரூபித்துவிடா என்று தெளிவுபடுத்தியது. 2016-இல் ஸ்வீடனின் மருத்துவ மதிப்பீட்டு அமைப்பு, அவற்றை மட்டும் வைத்து உலுக்கல் என்று முடிவுகட்டுவதற்கு ஆதாரம் போதாது என்றது. அந்த அறிக்கையைக் குழந்தை மருத்துவர் சங்கங்கள் பல மறுத்தன. இது முடியாத சண்டை. ஆனால் ஒரு கணக்கை மட்டும் நிதானமாகப் போட்டுப் பார்ப்போம்.

2013-இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு 998 குழந்தைகளின் பதிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. வன்முறைத் தலைக்காயம் என்று வகைப்படுத்தப்பட்டவர்களில் 78 விழுக்காட்டினருக்கு விழித்திரைக் கசிவு இருந்தது. மற்றத் தலைக்காயங்களில் 5 விழுக்காடு மட்டுமே. இதைக் கேட்டதும் 'கசிவு இருந்தால் ஏறக்குறைய உறுதி' என்று தோன்றும். ஒரு வார்டுக்குத் தலைக்காயத்தோடு வரும் 100 குழந்தைகளில் 10 பேர் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்தில் கசிவு உள்ளவர்கள் 8. மீதி 90-இல் 5 விழுக்காடு என்றால் நாலரை. ஆக, கசிவு உள்ள பன்னிரண்டரைப் பேரில் நாலரைப் பேர், ஏறக்குறைய மூன்றில் ஒருவர், யாராலும் துன்புறுத்தப்படாதவர். அதே வார்டில் பாதிப் பேர் வன்முறைக்கு ஆளானவர்கள் என்று வைத்தால் கசிவின் பொருள் மாறி, நூற்றுக்கு 94 ஆகிவிடும். அடையாளம் அதேதான். அது எந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்பதுதான் அதன் எடையைத் தீர்மானிக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 'வன்முறை' என்று வகைப்படுத்தும்போதே சில ஆய்வுகளில் கண்ணின் கசிவும் ஒரு காரணமாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அப்புறம் வன்முறையில் கசிவு அதிகம் என்று கண்டுபிடிப்பது, நாமே பானையில் போட்ட காசை நாமே எடுத்து வியப்பது போல. நல்ல ஆய்வுகள் ஒப்புதல் வாக்குமூலம், நேரில் பார்த்த சாட்சி போன்ற வெளி ஆதாரத்தை வைத்துப் பிரித்து இதைத் தவிர்க்க முயன்றன. அவற்றிலும் ஒரு விஷயம் உறுதியாக நிற்கிறது: ஓரம் வரை பரவி, பல அடுக்குகளில், எண்ண முடியாத கசிவு என்பது கட்டிலிலிருந்து விழும் சாதாரண விபத்தில் வருவது மிக அரிது. அதற்காகவே கண்ணைப் பார்க்க வேண்டும்.

அந்த ஐந்து விழுக்காட்டுக்குள்ளும் அதற்கு வெளியேயும் யாரெல்லாம் இருக்கிறார்கள்? முதலில், பிறந்த குழந்தைகளே. பிரசவத்தின்போது தலை அழுந்துவதால் நான்கில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரையான சிசுக்களுக்கு விழித்திரையில் கசிவு இருக்கிறது. வேக்குவம் வைத்து எடுத்தால் அதிகம், சிசேரியனில் குறைவு. பெரும்பாலானவை இரண்டு வாரத்தில் மறைந்துவிடும், ஆறு வாரத்தைத் தாண்டுவது அபூர்வம். ஆகவே மூன்று வாரக் குழந்தையின் கசிவையும் மூன்று மாதக் குழந்தையின் கசிவையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. கனமான பொருள் தலையில் விழுவதும் உண்டு. மேலே நான் சொன்ன மாக்குலா மடிப்பு உலுக்கலுக்கே உரிய முத்திரை என்று பாடநூல்கள் நம்பியிருந்த காலத்தில், டி.வி. பெட்டி தலையில் சாய்ந்து இறந்த 14 மாதக் குழந்தைக்கு அதே மடிப்பு இருந்ததை 2004-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள்.

தமிழ்நாட்டு மருத்துவருக்குக் கூடுதலாக இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று வைட்டமின் கே. அது குறைந்தால் இரத்தம் உறையாது. தாய்ப்பாலில் அது மிகக் குறைவு. அதனால்தான் பிறந்தவுடன் தொடையில் 1 மில்லிகிராம் ஊசி போடுகிறார்கள். அந்த ஊசி தவறிய குழந்தைக்கு, முழுக்க முழுக்கத் தாய்ப்பால் குடித்துக் கொழுகொழுவென்று வளரும்போதே, இரண்டாம் வாரத்திலிருந்து மூன்றாம் மாதத்துக்குள் மூளையில் இரத்தம் கசியலாம். நம் கற்பனைக் குழந்தைக்குப் பத்து வாரம் என்பதைக் கவனியுங்கள். பிரசவம் இங்கே நடந்திருந்தால் தாயின் கர்ப்பப் பதிவுக்குரிய பிக்மி எண்ணை வைத்துத் தேடலாம். சொந்த ஊரில் பெற்றெடுத்துக் கைக்குழந்தையோடு ரயிலேறி வந்தவர்களுக்கு, ஊசி போட்ட குறிப்பு ஊரில் பெட்டிக்குள் கிடக்கும் டிஸ்சார்ஜ் சீட்டில் இருக்கும். அதைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்பதும் தடய அறிவியல்தான்.

இரண்டாவது, சொந்தத்தில் கல்யாணம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் தமிழ்நாட்டில் இது 28 விழுக்காடு, நாட்டிலேயே அதிகம். இரு பக்கமும் ஒரே பழுதடைந்த மரபணு வந்து சேரும்போது தோன்றும் நோய்களில் ஒன்று பதின்மூன்றாம் உறைகாரணிக் குறைபாடு. வழக்கமாகச் செய்யும் உறைதல் சோதனைகளான பி.டி., ஏ.பி.டி.டி. இரண்டும் இதில் சரியாகவே வரும். 'உறைதல் நார்மல்' என்று லேப் எழுதிக் கொடுத்துவிடும். ஆனால் இந்த நோயுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் இரத்தம் கசிகிறது. கண்டுபிடிக்கும் முதல் சோதனை எளிது: உறைந்த இரத்தக்கட்டியை 5 மோலார் யூரியாக் கரைசலில் போட்டால், இந்தக் காரணி இல்லாத கட்டி கரைந்துவிடும். அதை விட எளிது தாயிடம் ஒரு கேள்வி: "தொப்புள்கொடி விழுந்தப்போ ரத்தம் நிக்காம வந்துச்சாம்மா?" இத்தோடு குளுடாரிக் அமில நோய், மூளைக் காய்ச்சல், இரத்தப் புற்று, மூளைச் சிரைகளில் அடைப்பு என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றையும் தேடி இல்லை என்று எழுதிய பிறகே கண்ணின் சாட்சியத்துக்கு எடை கூடும்.

இதையெல்லாம் படித்து, எல்லாரையும் நிரபராதிகள் என்று சொல்ல வருகிறேன் என நினைக்க வேண்டாம். 2012 ஏப்ரலில் பெங்களூரு வாணி விலாஸ் மருத்துவமனையில் மூன்று மாதப் பெண் குழந்தை இறந்தது. பெண்ணாய்ப் பிறந்ததற்காகத் தகப்பன் அடித்தார் என்பது தாயின் புகார். தில்லி எய்ம்ஸில், மண்டை உடைந்து, உடம்பெல்லாம் கடித்த தடங்களோடு வந்த இரண்டு வயதுச் சிறுமி இரண்டு மாதம் போராடி அதே ஆண்டு மார்ச்சில் இறந்தாள். அடிக்கிறார்கள். உலுக்குகிறார்கள். குழந்தையின் அழுகை இரண்டாம் மாதத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. உலுக்கப்படும் குழந்தைகளின் வயதும் அதையொட்டியே ஏறி இறங்குகிறது. 1999-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், வன்முறைத் தலைக்காயம் பட்ட 173 குழந்தைகளில் 54 பேரை அதற்கு முன்பே ஒரு மருத்துவர் பார்த்து, வாந்தி, சளி, காய்ச்சல் என்று வீட்டுக்கு அனுப்பியிருந்தார். அவர்களில் 15 பேருக்கு மறுபடி காயம் பட்டது. சந்தேகப்படாமல் விட்டதன் விலை அது. ஒரு குழந்தையைத் தவறவிடுவதும் ஒரு தாயைப் பொய்யாகச் சிறைக்கு அனுப்புவதும் ஒரே குறையிலிருந்துதான் பிறக்கின்றன: முதல் நாள் சரியாகப் பார்த்து எழுதாதது.

ஸ்ரீபெரும்புதூருக்குத் தடய அறிவியல் வரலாற்றில் ஏற்கெனவே ஓர் இடம் உண்டு. 1991 மே 21 இரவு ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட மைதானத்தில் சிதறிய துணி, கம்பி, பேட்டரித் துண்டுகளை வைத்து, இடுப்பில் கட்டிய வெடிகுண்டு அது என்று படிப்படியாகக் காட்டியவர் தமிழ்நாடு தடய அறிவியல் துறையின் பி. சந்திரசேகரன். அந்தத் துண்டுகள் தரையிலேயே கிடந்தன. மறுநாளும் பொறுக்க முடிந்தது. விழித்திரைத் தடயத்துக்கு அந்த ஆயுள் இல்லை. மேலடுக்குச் சுடர்கள் சில நாட்களிலேயே கரையத் தொடங்கிவிடும். குழந்தை பிழைத்தால் அதன் உடம்பே தடயத்தைத் துடைத்துவிடுகிறது. அதனால் 24 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 72 மணிக்குள் பார்க்க வேண்டும் என்கிறார்கள். பார்த்துவிட்டு 'கசிவு உண்டு' என்று எழுதினால் பாதி வேலைதான். இரண்டு வட்டம் வரைந்து, பார்வை நரம்பையும் மாக்குலாவையும் குறித்து, ஒவ்வொரு கசிவையும் சிவப்புப் பென்சிலால் அதன் இடத்தில் வைக்க வேண்டும். அடுக்கு, அளவு, பரவல், பார்த்த நாள், மணி, கையெழுத்து. இரத்தத்தின் நிறத்தை வைத்து 'இது செவ்வாய்க்கிழமை பட்ட காயம்' என்று நாள் குறிக்க முடியாது. அதை நீதிமன்றத்தில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

படம் எடுப்பது இன்னும் நல்லது. அதற்கான கேமரா நம்மிடம் இல்லாத பொருள் அல்ல. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரை நோயைக் கண்டுபிடிக்க, பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008-இல் கிட்ராப் திட்டத்தைத் தொடங்கி, அகன்ற கோணக் கேமராவோடு டெக்னீஷியன்களைக் கிராமத்துச் சிசு வார்டுகளுக்கு அனுப்பியது. மதுரை அரவிந்தும் சென்னை சங்கர நேத்ராலயாவும் அதே வகைக் கேமராக்களைப் பல ஆண்டுகளாகக் கையாள்கின்றன. எழும்பூரிலேயே 1819-இல் தொடங்கிய பாரம்பரியமுள்ள அரசு கண் மருத்துவமனையும், அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் ஒரே பேட்டையில் இருக்கின்றன. குறைமாதக் குழந்தைக்குப் பிடிக்கும் அதே கேமராவை எம்.எல்.சி. குழந்தைக்கும் பிடிக்க வேண்டும். படம் இருந்தால் ஆறு மாதம் கழித்து இன்னொரு நிபுணர் தானே பார்த்துச் சொல்லலாம். முதலில் பார்த்தவரின் நம்பிக்கையை நம்பியிருக்க வேண்டாம்.

குழந்தை இறந்துவிட்டால் பிரேதப் பரிசோதனையில் கண்களை, சுற்றியுள்ள கொழுப்போடும் பார்வை நரம்போடும் சேர்த்து எடுத்து, ஃபார்மலினில் ஊறவைத்துத் திசு ஆய்வுக்கு அனுப்ப வேண்டும். நரம்பின் உறைக்குள்ளும் கண்குழிக் கொழுப்பிலும் உள்ள இரத்தம் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அழும் தாயிடமிருந்து குழந்தையின் கண்களை எடுப்பது எவ்வளவு கொடுமையாகத் தோன்றும் என்பது புரிகிறது. ஆனால் அந்தத் தாயையே குற்றத்திலிருந்து விடுவிக்கக் கூடியதும் அதே கண்கள்தான்.

பாரதிய சாட்சிய அதினியத்தின் 39-ஆம் பிரிவு நிபுணரின் கருத்தை ஏற்கிறது, கருத்தாக. மருத்துவர் எழுத வேண்டியது 'இந்தக் காயத்துக்கு இவர் சொல்லும் விளக்கம் பொருந்துகிறதா, இல்லையா' என்பது வரைதான். யார் செய்தார் என்பதை எந்த லென்ஸும் காட்டாது.

'இவர் சொல்லும் விளக்கம்' என்ற இடத்தில்தான் நாம் வல்லம் வடகாலுக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. வன்முறையைச் சந்தேகிக்க மருத்துவர்களுக்குக் கற்றுத்தரும் முதல் அடையாளமே, பெற்றோர் சொல்வது முன்னுக்குப் பின் முரணாக இருப்பது. நம் கற்பனைத் தாய் ஒடியாவில் ஒன்று சொன்னாள். அது அரைகுறை ஹிந்தி வழியாகப் பக்கத்து அறைப் பெண்ணின் தமிழுக்கு வந்தது. டாக்டர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழிலேயே பாருங்கள்: தூளியை ஆட்டினேன், மடியில் போட்டு ஆட்டினேன், துவண்டு கிடந்ததைப் பார்த்துப் பயந்து உலுக்கி எழுப்பினேன், கோபத்தில் பிடித்துக் குலுக்கினேன். நான்கும் வேறு வேறு. ஹிந்தியின் 'ஹிலாயா' இவற்றில் பலவற்றை ஒன்றாக விழுங்கிவிடும். ஆங்கிலக் கேஸ் ஷீட்டில் 'ஷேக்' என்று ஒரே சொல் விழும். தாலாட்டிய கை வாக்குமூலத்தில் உலுக்கிய கையாகிவிடும். அதற்கு நேர்மாறாக, உண்மையில் உலுக்கிய கை 'ஆட்டினேன்' என்ற மெல்லிய சொல்லுக்குள் ஒளிந்தும் கொள்ளும்.

கேட்கத் தவறும் கேள்வி இன்னொன்று. குழந்தைக்கு உரம் விழுந்துவிட்டது என்று, சேலையில் படுக்கவைத்து இரண்டு பேர் இரு முனையையும் பிடித்து உருட்டி உரம் எடுப்பது நம் ஊர்களில் இன்றும் நடக்கிறது. குளிப்பாட்டும் பாட்டி காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குவதும் உண்டு. ஒவ்வொரு மாநிலத்தவருக்கும் அவரவர் வழக்கம். யார், எப்போது, எப்படிச் செய்தார்கள் என்று கேட்டு அப்படியே எழுதிவைக்க வேண்டும். விபத்தா வன்முறையா என்ற இரண்டே கட்டங்கள் உள்ள படிவத்தில் இதற்கு இடமில்லை.

வல்லம் வடகாலிலோ ஒரகடத்திலோ லைன் வீட்டில் குடியிருக்கும் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நள்ளிரவில் பக்கத்து அறைக் குழந்தையோடு ஆம்புலன்ஸில் ஏறினால், ஆஸ்பத்திரியில் அந்தத் தாயின் வாய் நீங்கள்தான். அவள் சொன்ன சொல் எதுவோ அதையே, அவள் மொழியிலேயே முதலில் சொல்லுங்கள். கையால் எப்படிச் செய்து காட்டினாளோ அப்படியே செய்து காட்டுங்கள். அவளைக் காப்பாற்றுவதற்காகச் சேர்க்கவும் வேண்டாம், போலீசுக்குப் பயந்து குறைக்கவும் வேண்டாம். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லுங்கள். போனில் நன்றாக மொழி தெரிந்த இன்னொருவரைப் பிடித்துக் கொடுங்கள். நீங்கள் சொல்லும் அந்த ஒரு சொல், கண் டாக்டரின் சிவப்புப் பென்சில் படத்துக்குப் பக்கத்திலேயே, அதே ஃபைலில் இருக்கப்போகிறது.